சந்தனம் வைத்த பெட்டிகள்

1

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் சிறு ஊரில், என் மகள் மகிழ் படிக்கும் பள்ளியில், குளிர் தொடங்கும் சமயத்தில் ஒரு சனிக்கிழமை ‘செய்து பார்க்கும் நாள்’ வைப்பார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அன்று புத்தகத்தைத் தொட வேண்டாம். மரம் அறுக்கலாம், கம்பி வளைக்கலாம், மோட்டார் பூட்டி எதையாவது ஓடவிடலாம். பெற்றோரில் கைவேலை தெரிந்தவர்கள் மேசைக்கு ஒருவராக நிற்க வேண்டும். நான் சென்சார் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவள். அதனால் என்னை மோட்டார் மேசையில் போட்டுவிட்டார்கள். வாரம் முழுக்கச் செய்யும் வேலையைச் சனிக்கிழமையும் செய்ய யாருக்கு ஆசை? ஆனால் முடியாது என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இந்த மொழி இன்னும் வசப்படவில்லை.

என் மேசைக்கு வந்த ஒரு சிறுமி மின்சாரத்தைக் கூட்டிவைத்து ஒரு மோட்டாரைப் புகைய விட்டாள். இன்னொன்று கொடுத்தேன். அதையும் புகைய விட்டாள். மூன்றாவதைக் கையில் கொடுக்கும்போது என் கை கொஞ்சம் தயங்கியது. அந்தப் பக்கமாக வந்த ஆசிரியர், கருகிய மோட்டார்களைப் பார்த்துவிட்டு, “நல்லது, இதற்குத்தானே வாங்கினோம்” என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. நான்தான் இரண்டு மோட்டாரின் விலையை மனதில் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை வீடு வந்து காலை நீட்டிப் படுத்தபோது, ஒரகடம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து என் அக்கா மகள் யாமினி சில படங்கள் அனுப்பியிருந்தாள். அவள் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆயுத பூசை. தலைமையாசிரியை அறையில் கம்ப்யூட்டர், தையல் மிஷின், பள்ளிக்கூட மணி, வாத்தியார்களின் பைக் சாவிகள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் வரிசையாக அடுக்கிய நீலப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு பொட்டு, மேலே சாமந்திச் சரம், ஓரத்தில் எலுமிச்சம்பழம்.

அவை நான் கொண்டுபோய்க் கொடுத்த பெட்டிகள். மோட்டார், பல்சக்கரங்கள், ரப்பர் பெல்ட், துளையிட்ட தகடுகள் எல்லாம் உள்ளே இருக்கும். பிள்ளைகள் தாங்களே பூட்டி வண்டி செய்யலாம், பம்பரம் செய்யலாம், பளு தூக்கி செய்யலாம். யாமினி ஐந்தாவது படித்தபோது, என் அலுவலகத் தோழர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள். புடவையையும் சாக்லேட்டையும் குறைத்துவிட்டு, விமானத்தில் அவற்றை ஏற்றிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் எனக்கு வரும். பின்னால் ஒரு பேனர் இருக்கும். நானும் அதை அலுவலகத்தில் காட்டி நன்றி சொல்வேன்.

இந்தப் படத்தை மட்டும் ஏனோ விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பொட்டுக்குக் கீழே பெட்டி பளபளத்தது. கடையில் சுற்றித் தந்த பிளாஸ்டிக் உறை. ஒரு மூலைகூடக் கிழியவில்லை.

படத்தின் கீழே யாமினியின் குரல் இருந்தது. “சித்தி, பூசை எப்டி கீது? அந்தப் பொட்டிய எப்போ பிரிப்பாங்கன்னு டீச்சர்ட்ட கேளுங்க சித்தி. நான் எட்டாவது வந்துட்டேன். ஏப்ரலோட இந்த ஸ்கூலே முடிஞ்சிடும் எனக்கு.”

2

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அலுப்புதான்.

இங்கே என் நாட்கள் அலுப்பில்தான் ஓடுகின்றன. காலையில் இருட்டில் எழுந்து, இருட்டிலேயே ரயில் ஏறி, சாயங்காலம் இருட்டில் திரும்புவேன். தபால் பெட்டியில் தினம் ஏதாவது ஓர் அலுவலகத்தின் கடிதம் கிடக்கும். அதைப் புரிந்துகொள்ளவே ஒரு மாலை போய்விடும். வந்த புதிதில் யாருக்கு மரியாதைப் பன்மை, யாருக்கு ஒருமை என்று தெரியாமல் பக்கத்து வீட்டு நாயைப் பன்மையில் ‘உட்காருங்கள்’ என்று சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டுக்காரர் இன்றும் என்னைப் பார்த்தால் அந்தக் கதையைத்தான் ஆரம்பிப்பார். கணவர் சரவணன், “நாயாவது சந்தோஷப்பட்டிருக்கும், விடு” என்பார்.

மகிழுக்கு அந்தச் சங்கடமே இல்லை. அவளுக்குத் தடுமாற்றம் தமிழில். “அம்மா, நான் பசி வச்சிருக்கேன்” என்பாள். ஜெர்மனில் அப்படித்தான் சொல்வார்கள். முன்பெல்லாம் திருத்துவேன். இப்போது வைத்திருக்கும் பசிக்குத் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிகிறது. கையை இறுக்கிப் பிடித்தால் இன்னும் வேகமாக நழுவுவாளோ என்று பயமாகவும் இருக்கிறது.

சென்ற வருடம் இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தேன். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்தபோது, கவுன்டரில் இருந்தவர் அதன் மேல் ‘ரத்து’ என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். அப்படி ரத்து செய்த பிறகுதான், நினைத்தபோது ஊருக்கு வந்துபோகும் அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். முதலில் இல்லை என்று ஆக வேண்டும், பிறகு வரலாம். இந்தக் கணக்கு எனக்கு அப்போது விளங்கவே இல்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போகலாம் என்றேன். “அங்க நான் என்ன செய்ய?” என்று கேட்டாள் மகிழ். “பெட்டி பிரிக்கப் போறோம்” என்றேன்.

3

எங்கள் ஊரை நினைத்து ஏங்குவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஏங்கலாம் என்று உட்கார்ந்தாலும் நினைவுக்கு வருவது கம்பெனி பஸ் ஹாரன்தான். படப்பை தாண்டினால் மனை விற்கும் கொடிகள், ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிப்ட் முடிந்து அடையாள அட்டை தொங்க நிற்கும் கூட்டம், கன்டெய்னர் லாரிகள். காரும் டயரும் போனும் அங்கிருந்துதான் உலகத்துக்குப் போகின்றன. செய்பவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். ஆனால் அவர்கள் பிள்ளைகள் அந்தச் சாமான்களின் உட்புறத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அக்கா அமுதா ஒரு கம்பெனியில் சர்க்யூட் பலகைகளில் குறை பார்த்துத் தள்ளும் லைனில் இருக்கிறாள். உள்ளே போகும்போது தன் செல்போனைக்கூட வெளியே பூட்டி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நானும் இன்ஜினியரிங் சேர்வதற்கு முன், பன்னிரண்டாவது முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் தொழிற்சாலையில் இருந்தவள்தான். புதுப் போனின் திரை மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டுவது என் வேலை. கொப்புளம் விழக் கூடாது, விழுந்தால் சூப்பர்வைசர் கத்துவார். அத்தனை அக்கறையாக ஒட்டியதை வாங்கியவன் பிரித்து எறிந்துவிடுவான் என்று பேசிச் சிரிப்போம். அது எங்கள் பக்கத்தில் நடக்காது. அக்கா வீட்டு டிவி ரிமோட் இன்றும் பாலித்தீன் உறைக்குள்தான் இருக்கிறது. மாமாவின் பைக் சீட்டில் கடைக்காரன் போட்ட உறை கிழிந்து நாராகத் தொங்குகிறது, எடுக்க மாட்டார். எங்களுக்குப் பொருள் மேல் இருக்கும் மரியாதை அப்படி.

“இன்னாடி வசந்தி, இப்டி இளைச்சிப் பூட்ட?” என்று நாங்கள் போய் இறங்கியதும் அக்கா வாசலிலேயே ஆரம்பித்தாள். பிறகு மகிழைக் கட்டிக்கொண்டு, “எனக்கு செகண்ட் ஷிப்ட்டு, பஸ் வந்துடும். குழம்பு அடுப்புல கீது, போட்டுக்கினு சாப்டுங்க” என்று ஓடினாள். மூன்று வருடத்துக்குப் பிறகு பார்த்த அக்காவுடன் அவ்வளவுதான் பேச முடிந்தது.

யாமினி என்னை விடவில்லை. அவள் பள்ளிக்கு அறிவியல் நிகழ்ச்சிகள் வருவதில்லை என்றில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கம்பெனியிலிருந்து வேன் வருமாம். எல்லோருக்கும் வெள்ளைத் தொப்பி கொடுப்பார்களாம். ஒரு ரோபோ கையைக் கூப்பி வணக்கம் சொல்லுமாம். பிள்ளைகள் கை தட்ட வேண்டுமாம்.

“நீ தொட்டுப் பாத்தியா?” என்றேன்.

“கயிறு கட்டிட்டாங்க சித்தி. கிட்ட போனா கத்துறாங்க” என்றாள். “நம்ம பெட்டியாவது தொடலாம்னு பாத்தா, டீச்சர் பீரோல பூட்டிட்டாங்க. எங்க க்ளாஸ் பசங்க எல்லாம் கேக்குறாங்க, உங்க சித்தி குடுத்தது காலிப் பொட்டியா இன்னான்னு.”

மூன்று வருடமாக அந்தக் கேள்விக்கு அவள் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

4

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், மகிழையும் அழைத்துக்கொண்டு போனேன். தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் நல்ல மனுஷி. தான் சர்ச்சுக்குப் போகிறவர் என்றாலும், மற்ற ஆசிரியர்கள் ஆயுத பூசை வைக்கும்போது பொரியும் சுண்டலும் எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று அவர்தான் பார்ப்பாராம். எங்களுக்கு டீ வரவழைத்தார். பெட்டிகளை எடுத்துக் காட்டினார். பொட்டுகள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன.

“பத்திரமா இருக்கு பாருங்கம்மா” என்றார் பெருமையாக.

பிள்ளைகளோடு சேர்ந்து இன்றைக்கே பிரிக்கலாமே என்றேன். டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நீங்க ஆசையா கொண்டாந்தீங்க, நான் இல்லேன்னு சொல்லலம்மா. ஆனா இது பள்ளிச் சொத்து, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சு. பிரிச்சு ஒரு சின்ன சக்கரம் காணாமப் போச்சுன்னாலும் நான்தான் பதில் சொல்லணும். எனக்கு முன்னாடி இருந்த சார், ஒரு ஸ்டாண்டு ஃபேன் குறையுதுன்னு பென்ஷன் வராம எவ்ளோ நாள் அலைஞ்சார்னு நான் கண்ணால பாத்தேன். எனக்கு மே மாசம் ரிட்டையர்மென்ட். வீட்டுக்காரரும் இல்ல. அந்தப் பென்ஷன் ஒண்ணுதான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “நீங்க ஃப்ளைட் ஏறிடுவீங்கம்மா. நான்தான் ஆபீஸ் படி ஏறணும்.”

வாதாட நிறைய யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கதவருகே யாமினியும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் மூச்சுவிடாமல் நின்றிருந்தார்கள். ஏப்ரல் வந்தால் அவர்கள் போய்விடுவார்கள், மே வந்தால் டீச்சரும் போய்விடுவார். அடுத்து வருகிறவரும் சாவியை வாங்கிக்கொண்டு பூட்டத்தான் போகிறார். களைப்பாக இருந்தது. இதற்காகவா இத்தனை தூரம் வந்தேன் என்று இருந்தது.

மகிழ் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

“இது ஏன் பொட்டு வச்சிருக்கு?”

“ஆயுத பூசைக்கு” என்றாள் யாமினி.

“உள்ள என்ன ஆயுதம்?”

“தெரியாது. பிரிக்கலையே.”

பிள்ளைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் முறைக்கத் திரும்பினார், முறைக்கவில்லை. பெட்டியைப் பீரோவுக்குள் வைக்கத் தூக்கினார். அப்போதுதான் அடியில் இருந்த அட்டை ஊறிப்போய், ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது தெரிந்தது.

“டீச்சர், பொட்டி கசியுது” என்றாள் யாமினி.

5

இப்போது பிரிக்காமல் இருக்க முடியாது. டீச்சரே பிளேடை எடுத்து உறையைக் கீறினார். பெட்டியோடு வந்த பேட்டரிகள் பீரோவின் சூட்டில் ஒழுகி, அவை உட்காரும் கம்பிகளில் உப்பு படிந்திருந்தது. ரப்பர் பெல்ட்டுகள் தொட்டதும் பிசினாக விரலில் ஒட்டின. அடுத்த பெட்டியும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “சாவிய வீட்டுக்குக்கூடக் கொண்டு போவேன்மா. ஒரு பிள்ளையத் தொட விடல. இப்டிப் பூத்துப் போச்சே” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

பிறகு, பல வருடம் அரசாங்கத்தில் இருந்தவருக்கே தோன்றக்கூடிய ஒன்று அவருக்குத் தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, இப்ப இருக்கிற நிலைமைல இது ஓடுமா?”

“ஓடாது டீச்சர்.”

“அத நீங்க எழுதிக் குடுப்பீங்களா? இன்ஜினியர்னு கையெழுத்துப் போட்டு? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல வச்சு, பயன்படாத பொருள்னு கழிச்சிடலாம். கழிச்ச பொருள யாரும் எண்ண மாட்டாங்க. அப்புறம் பிள்ளைங்க என்ன செஞ்சா எனக்கென்ன?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் சுமந்துகொண்டு வந்த பொருளுக்கு நானே இறப்புச் சான்றிதழ் எழுத வேண்டும். தூதரகக் கவுன்டரில் என் பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரைச் சத்தம் காதில் கேட்டது. எழுதிக் கொடுத்தேன். ‘தற்போதைய நிலையில் இயங்காது’ என்று எழுதியது உண்மைதான். அந்த வாரமே குழுவைக் கூட்டி, பெற்றோரை வரவழைத்து, தீர்மானமும் போட்டுவிட்டார் டீச்சர். அவ்வளவு வேகமாக ஓர் அரசு வேலை நடந்து நான் பார்த்ததில்லை.

தீர்மானம் போட்ட மறுநாள் காலை பெட்டிகள் எல்லாம் வகுப்பறைத் தரைக்கு வந்தன. கம்பியில் படிந்த உப்பை எப்படி எடுப்பது என்று முதலில் கேட்டேன். பேட்டரிக் கசிவு காரம் என்று மட்டும் சொன்னேன். யாமினிதான் முதலில் எழுந்தாள். “காரம்னா அமிலம் போட்டா சரியாப் பூடும், புக்குல கீது.” சத்துணவுக் கூடத்திலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது. பெட்டியிலிருந்து பிரித்த பிளாஸ்டிக் உறைகளையே கையில் சுற்றிக்கொண்டு, பிள்ளைகள் சாற்றைப் பிழிந்தார்கள். உப்பு நுரைத்துப் பொங்கியது. “ஐயே, கொதிக்குதுடீ!” என்று ஒருத்தி கத்தினாள். ஏழாம் வகுப்பில் மனப்பாடம் செய்து ஒப்பித்த பாடம் கண்ணெதிரே பொங்குவதை அவர்கள் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

பெல்ட்டுக்குப் பஞ்சர் கடையிலிருந்து பழைய சைக்கிள் டியூபை வாங்கி வந்து வளையமாக வெட்டினார்கள். எதிர்க்கடையிலிருந்து புது பேட்டரி வந்தது. முதல் மோட்டார் ‘கிர்’ என்று சுற்றியபோது யாரும் கை தட்டவில்லை, தட்டுவதற்கு யாருக்கும் கை காலியாக இல்லை. யாமினி குழு என்ன செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி பஸ். அட்டையில் செய்து, முன்னால் ‘செகண்ட் ஷிப்ட்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அது நேராக ஓடாமல் வட்டமடித்தது. ஏன் என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

மகிழ் அந்தக் குழுவில்தான் இருந்தாள். அச்சில் பல்சக்கரத்தை ஏற்ற ஓங்கி அழுத்தினாள். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

ஒரு பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. இன்னொன்று, “டீச்சர், நான் இல்ல” என்றது. இரண்டாக உடைந்த சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மகிழ் மட்டும் சாதாரணமாக நிமிர்ந்து பார்த்தாள். “உடைஞ்சிருச்சு. இன்னொண்ணு குடுங்க” என்று கையை நீட்டினாள். அவள் பள்ளியில் அப்படித்தான் கேட்பார்கள்.

எல்லோரும் எஸ்தர் டீச்சரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பழக்கத்தில் அவர் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு பெட்டியில் கைவிட்டு வேறொரு சக்கரத்தைத் தேடி எடுத்தார்.

“உடைஞ்சா உடையட்டும். அதான் ஏற்கெனவே உடைஞ்சதுன்னு எழுதியாச்சே” என்றார்.

6

திரும்பி வந்து சில மாதங்கள் ஆகின்றன. அதே ரயில், அதே கடிதங்கள். என் களைப்பு தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். மகிழ் யாமினியோடு போனில் பேசுகிறாள். பாதி புரியாமலே பேசுகிறாள். ‘கீது’ என்ற சொல் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. சரவணன் திருத்தப் பார்த்தார். நான் விடச் சொன்னேன்.

போன வாரம் ரயில் நிலையத்தில் நிற்கும்போது யாமினியின் குரல் வந்தது. எட்டாவது தேர்வு முடிந்துவிட்டதாம். டீச்சருக்குப் பிரிவுபசாரம் வைக்கப் போகிறார்களாம், பென்ஷன் பேப்பர் எல்லாம் சிக்கலில்லாமல் போய்விட்டதாம். அதையெல்லாம் அவசரமாகச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள்.

“சித்தி, பொட்டி எல்லாம் காலி. மோட்டர் பாதி புட்டுக்கிச்சு, சக்கரம் ஒண்ணுகூட நல்லா இல்ல. ஆறாவது பசங்க வந்து எங்களுக்கு எங்கன்னு கேட்டு அழுவுதுங்க. நீங்க அடுத்த தபா வர்றப்போ வேற கொண்டாங்க.”

ரயில் வந்து நின்றது. நான் ஏறாமல் நின்றுகொண்டிருந்தேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

“அங்கயே பிளாஸ்டிக்க பிரிச்சிட்டு கொண்டாங்க சித்தி.”